ரொட்டியின் அடியில் என் பெயர் வந்த விவரம்

மணவாள நகர்,
வியாழக்கிழமை, காலை.

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி அன்புராஜ் அவர்களின் சமூகத்திற்கு, மணவாள நகர் குப்புராஜ் பணிவன்புடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் குணசுந்தரியும் கடவுள் புண்ணியத்தில் நன்றாக இருக்கிறோம். அங்கே தாங்களும், சம்பந்தியம்மா அருணா அவர்களும், மாப்பிள்ளை விமலும், எங்கள் மகள் கல்பனாவும் நன்றாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நம்புகிறேன் என்று எழுதக் காரணம் இருக்கிறது. போன் செய்தால் தாங்கள் எடுப்பதில்லை. வாட்ஸ்அப்பில் எழுதினால் நீலக் கோடு விழுகிறது, பதில் மட்டும் விழுவதில்லை. பேசிக்கொண்டிருக்கும்போதே பாதியில் வைத்துவிட்டுப் போக முடியாத ஒரே சாதனம் கடிதம்தான் என்பதால், பதினேழு வருடத்துக்குப் பிறகு பேனாவைத் தேடி எடுத்து எழுதுகிறேன். தாங்கள் டீ குடித்துவிட்டு, சௌகரியமாக உட்கார்ந்து, கடைசி வரை படிக்க வேண்டும்.

விஷயத்துக்கு வருகிறேன். கல்பனா வீட்டில் சுடும் ரொட்டியைத் தங்கள் டீக்கடையில் போட்டுப் பார்க்க இரண்டு வாரம் தருவதாகச் சொன்னீர்கள். ஐந்தாவது நாளே நிறுத்திவிட்டீர்கள். காரணம் கேட்டதற்கு, ரொட்டியின் அடியில் என் பெயர் இருக்கிறது என்றீர்கள். இருக்கிறது. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அது எப்படி வந்தது, ஏன் வந்தது, அதில் ஒரு குற்றமும் இல்லை என்பதை முதலிலிருந்து முறையாக எடுத்துச் சொன்னால், தாங்களே கல்பனாவைக் கூப்பிட்டு, "நாளையிலேர்ந்து போடும்மா" என்று சொல்லிவிடுவீர்கள் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஏனென்றால் இந்த ரொட்டி அவளுக்கு விளையாட்டு இல்லை. கல்யாணத்துக்கு முன்பு ஸ்ரீபெரும்புதூர் பக்கம் வேலைக்குப் போய்க்கொண்டிருந்த பெண், கும்மிடிப்பூண்டிக்கு வந்தபின் வேலையை விட்டாள். போன மாதம் என்னிடம் போனில் சொன்னாள்: "நைனா, இந்த ஊட்ல எல்லாரும் நல்லவங்கதான். ஆனா காலைல எந்திரிச்சா எனக்குன்னு ஒரு வேல இல்ல. இந்த பிரெட்டு மட்டும் ஒத்து வந்துட்ச்சின்னா போதும் நைனா, நான் பொழச்சுக்குவேன்." அவள் இப்படிக் கேட்டு எனக்குப் பழக்கமில்லை. அதனால்தான் ரொட்டி சுடும் இந்த டின் விஷயத்தில் நான் தலையிட்டேன். மற்றபடி ஓய்வு பெற்றவன் பொழுது போகாமல் செய்த காரியம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அப்படிச் சொல்பவள் குணசுந்தரியாகத்தான் இருப்பாள்.

முதலில் தங்கள் நிபந்தனையை நினைவுபடுத்துகிறேன். நான் அன்றைக்குத் தங்கள் கடையில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன், என் காதால் கேட்டேன். கல்பனாவிடம் சொன்னீர்கள்: "பாரும்மா, நம்ம கட பிரெட்டு சதுரமா இருக்கணும். ஆம்லெட்ட மடிச்சு வெச்சா நாலு மூலையும் பிரெட்டு மூலைல போய் உக்காரணும். ஷிப்டு முடிச்சு வர்றவன் அதத்தான் மொதல்ல பாப்பான். நீ சதுரமா குடு, நான் வெளி பேக்கரில வாங்கறத நிறுத்திடறேன்." நெஞ்சைத் தொட்டுச் சொல்கிறேன், இவ்வளவு தெளிவாக ஒரு வேலைக்கு நிபந்தனை சொல்லி நான் கேட்டதே இல்லை. காக்களூரில் முப்பத்து மூன்று வருடம், அச்சும் கருவியும் செய்யும் டூல் ரூமில் குப்பை கொட்டியவன் நான். எத்தனையோ பெரிய கம்பெனி எஞ்சினியர்கள் வரைபடத்தோடு வருவார்கள், அவர்களுக்கே என்ன வேண்டும் என்று தெரியாது. தங்களுக்குத் தெரிந்திருந்தது. சதுரம். அந்த நிமிடமே எனக்குப் புரிந்துவிட்டது, இது மாவில் முடிகிற விஷயம் இல்லை, டின்னில் முடிகிற விஷயம் என்று.

ஆனால் என்னைக் கேட்காமலே குணசுந்தரி திருவள்ளூர் பஜாரில் ஒரு பாத்திரக் கடையில் போய் பளபளவென்று ஒரு அலுமினிய டின் வாங்கி வந்துவிட்டாள். கல்பனா ஒன்பதுக்கு ஐந்து அங்குலம் என்று சொல்லியிருந்தாளாம், கடைக்காரர் ஒன்பதுக்கு ஐந்து என்று எடுத்துக் கொடுத்தாராம். நான் வீட்டில் வெர்னியர் வைத்து அளந்தேன். மேலே வாயில் ஒன்பது இருந்தது, அடியில் எட்டுதான் இருந்தது. டின்னைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போனேன். "ஒன்பதுன்னா எங்க ஒன்பது? மேலயா, அடியிலயா? உள் அளவா, வெளி அளவா?" என்று கேட்டேன். அந்த மனிதர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "சார், இத்தினி வருசமா விக்கறேன், பிரெட்டு இந்தக் கேள்வியெல்லாம் கேட்டதில்ல சார், நீங்கதான் கேக்கறீங்க" என்றார். டின்னோடு திரும்பிவிட்டேன். அளவு தெரியாதவனோடு வாதாடுவது எனக்குப் பிடிக்காது. ஆனால் அவர் டின்னைப் பற்றிய உண்மை அடுத்த வாரமே வெளியே வந்தது. பக்கங்கள் சரிவாக இருக்கும் டின்னில் ரொட்டி சுலபமாகக் கழன்று வரும், வாஸ்தவம்தான். ஆனால் வெட்டினால் துண்டு அடியில் ஒடுங்கி, மேலே அகன்று, அதற்கும் மேலே மாவு வழிந்து நிற்கும். கல்பனா அனுப்பிய போட்டோவை நான் பெரிதாக்கிப் பார்த்தேன். தங்கள் கடை டீ மாஸ்டர் லோகு அதைப் பார்த்துவிட்டு, "இன்னாம்மா இது, மேல குட புடிச்சா மாரி கீது" என்று சொன்னதாகவும் கேள்விப்பட்டேன். போதாக்குறைக்கு, அலுமினியம் பளபளப்பாக இருந்தால் சூட்டைத் திருப்பி அனுப்பிவிடும். மேலே சிவந்திருக்கும் ரொட்டி பக்கவாட்டில் வெளுத்துப்போய், சட்டைக்குள் இருந்த உடம்பு போலத் தெரியும். அப்படித்தான் தெரிந்தது.

அடுத்து மாப்பிள்ளை ஆன்லைனில் ஒரு கண்ணாடி டின் வரவழைத்தார். உள்ளே நடப்பது வெளியே தெரியும் என்பது அவர் கட்சி. தெரிந்தது, நானும் வீடியோவில் பார்த்தேன். கண்ணாடி சூடாவதற்கு நேரம் எடுத்துக்கொள்ளும்; ஆனால் சூடான பிறகு லேசில் ஆறாது. அடுப்பிலிருந்து வெளியே எடுத்துவைத்த பிறகும் அது தன் பாட்டுக்கு ரொட்டியின் அடியை வேகவைத்துக்கொண்டே இருக்கும். கல்பனா நேரம் பார்த்துத்தான் எடுத்திருக்கிறாள், ஆனால் அடி கறுத்துவிட்டது. இரண்டாவது தடவை, சீக்கிரம் ஆறட்டும் என்று மாப்பிள்ளை அதைச் சுடச்சுட எடுத்துப்போய் ஈரமான கிரானைட் மேடையில் வைத்தார். அதன்பின் அந்த டின்னைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. யாருக்கும் காயம் இல்லை என்பதே பெரிய விஷயம். மாப்பிள்ளையைக் குறை சொல்லும் ஸ்தானத்தில் நான் இல்லை, சொல்லவும் மாட்டேன். நடந்ததை மட்டும் சொன்னேன்.

இதற்குப் பிறகுதான் நான் வெர்னியரைப் பையில் போட்டுக்கொண்டு, பெரியபாளையத்தில் பஸ் மாறி, தங்கள் கடைக்கு வந்தேன். தாங்கள் அன்றைக்கு ரேஷன் கடைக்குப் போயிருந்தீர்கள். அதனால் நடந்ததைத் தங்களுக்கு லோகு மாஸ்டர் அவர் பாணியில் சொல்லியிருப்பார். உண்மையில் நடந்தது இவ்வளவுதான்: வெளி பேக்கரி ரொட்டியில் பத்துத் துண்டுகளை வாங்கி மேஜைமேல் வரிசையாக வைத்து, நீளம், அகலம், மூலை எல்லாம் அளந்து நோட்டில் குறித்துக்கொண்டேன். பத்தில் ஒன்றுகூட ஒரே அளவு இல்லை. ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் ஐந்து மில்லிமீட்டர் வித்தியாசம். எங்கள் டூல் ரூமில் ஐந்து மில்லிமீட்டர் தவறினால் ஆளை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். நாஷ்டா சாப்பிட வந்த இரண்டு பேர் நான் உணவுத் துறையிலிருந்து வந்திருப்பதாக நினைத்து எழுந்து போனதற்கு நான் பொறுப்பல்ல. லோகு மாஸ்டர்தான் அவர்களிடம் போய், "பயப்படாதீங்க, ஓனரு சம்பந்தி, பிரெட்டுக்கு அளவு எடுக்கறாரு" என்று சொல்ல, அவர்கள் இன்னும் வேகமாகப் போய்விட்டார்கள்.

அளவு கிடைத்தது. நூற்றிரண்டுக்கு நூற்றிரண்டு மில்லிமீட்டர், நீளம் இருநூற்று முப்பது. நேர்ச் சுவர், சரிவு கிடையாது. மேலே மூடி. மூடி இருந்தால்தான் மாவு குடை பிடிக்காமல் நாலு பக்கமும் சதுரமாக அடங்கும். இந்தத் தீர்மானத்துக்கு வந்ததும் நேராகக் காக்களூர் எஸ்டேட்டில் இம்மானுவேல் பட்டறைக்குப் போனேன். இம்மானுவேல் என்னிடம் வேலை கற்றவன், இப்போது சொந்தமாக வண்டி சைலன்சருக்குத் தகடு அடித்துக் கொடுக்கிறான். அலுமினியம் பூசிய இரும்புத் தகடு. சிரிக்க வேண்டாம். சைலன்சர் தாங்கும் சூட்டில் பாதிகூட ரொட்டி அடுப்பில் கிடையாது. நிறம் மங்கலாக இருப்பதால் சூட்டையும் திருப்பி அனுப்பாது. இரும்பு என்பதால் சீராகச் சூடேறும், மேலே பூச்சு இருப்பதால் துருப்பிடிக்காது. கடைகளில் விற்கும் கறுப்பு டின்களையும் பார்த்தேன். அவை சூட்டை ஆவலோடு இழுத்து, உள்ளே வேகும் முன்பே தோலைக் கருக்கிவிடும். இந்த மூன்றுக்கும் நடுவே சரியான டின் எது என்று யாராவது இனி தங்களைக் கேட்டால் தயங்காமல் என் நம்பரைக் கொடுக்கலாம்.

டின்னை மடித்து முடித்ததும் மூலை மட்டம் வைத்துப் பார்த்தேன். தொண்ணூறு டிகிரி என்றால் தொண்ணூறுதான். பிறகு தண்ணீர் ஊற்றிக் கொள்ளளவு பார்த்தேன். இரண்டு லிட்டரும் முன்னூற்றுச் சொச்சம் மில்லியும் பிடித்தது. மாவு டின்னில் பாதிக்குக் கொஞ்சம் கீழே நிற்க வேண்டும், பொங்கி வந்து மூடிக்கு ஒரு விரல் கீழே நிற்கும்போது அடுப்பில் வைக்க வேண்டும் என்று கணக்குப் போட்டுக் கல்பனாவுக்கு அனுப்பினேன். தண்ணீர் ஊற்றியபோது மடிப்பில் கொஞ்சம் கசிந்து என் வேட்டி நனைந்தது உண்மைதான். தண்ணீர் கசிகிற இடத்தில் மாவு கசியாது. இதை இம்மானுவேலிடம் சொன்னபோது அவன், "சர்தாண்ணே, நீ சொன்னா சரிதான்" என்றான். அவன் எப்போதும் அப்படித்தான் சொல்வான், ஆனால் அன்று மனதாரச் சொன்னான்.

இப்போது பெயர் விஷயம். சம்பந்தி, மகள் வீட்டுக்குப் பாத்திரம் கொடுக்கிறோம் என்றால் வெறுமனே கொடுக்கிற வழக்கம் எங்கள் பக்கம் கிடையாது, தங்கள் பக்கமும் கிடையாது. பெயர் வெட்டித்தான் கொடுக்க வேண்டும். பாத்திரக் கடையில் என்றால் ஒருவர் சின்னச் சுத்தியலை வைத்துப் புள்ளி புள்ளியாகத் தட்டி எழுதிக் கொடுப்பார். நான் டூல் ரூம்காரன். என் மகளுக்குக் கொடுக்கும் டின்னில் இன்னொருவர் கோணல் மாணலாகத் தட்டுவதா? மூன்று நாள் உட்கார்ந்து, தமிழ் எழுத்துக்கு நானே அச்சு செய்தேன். முதல் வரி, குப்புராஜ் – குணசுந்தரி. இரண்டாம் வரி, மணவாள நகர். வெளிப்பக்கம், அடியில், முறைப்படி. இம்மானுவேலின் நாற்பது டன் பிரஸ்ஸில் வைத்து ஒரே அடி. எழுத்து தெய்வீகமாக விழுந்தது. இம்மானுவேல் உள்ளே விரலை விட்டுத் தடவிப் பார்த்துவிட்டு, "அண்ணே, அடி கொஞ்சம் ஓவராப் பூட்ச்சி, எழுத்து உள்ள பொடச்சிக்கினு நிக்குது" என்றான். நான், "நிக்கட்டும், ரொட்டிக்குப் பிடிமானமா இருக்கும்" என்று சொல்லிவிட்டேன். வெளியே சரியாகப் படிக்கிற எழுத்து, உள்ளே புடைத்து நின்றால், ரொட்டியின் அடியில் குழிந்து, அச்சு அசலாகச் சரியாகப் படிக்கிற மாதிரியே விழும் என்பது எனக்கு அந்த நேரத்தில் தோன்றவில்லை. தோன்றியிருந்தாலும், ஒரு வேலைக்காரனாகச் சொல்கிறேன், ஆச்சரியம்தான் பட்டிருப்பேன்.

எத்தனை டின் என்பதில் குணசுந்தரி தலையிட்டாள். தங்கள் வீட்டு அடுப்பில் ஒரே நேரத்தில் இரண்டு டின்தான் வைக்க முடியும், அதனால் இரண்டு போதும் என்றேன். "சீர் பொருள் ரெட்டப்படைல யாராவது குடுப்பாங்களா? சம்பந்தி ஊட்ல இன்னா நெனப்பாங்க? மூணா செய்யி" என்றாள். மூன்று செய்தேன். வெறும் பாத்திரமாகக் கொடுக்கக் கூடாது என்று மூன்றிலும் சர்க்கரை நிரப்பி, மஞ்சள் குங்குமம் வைத்து, மடியில் வைத்தபடியே பஸ்ஸில் கொண்டுவந்து அருணா சம்பந்தியம்மா கையில் கொடுத்தோம். அவர்களும் மனம் கோணாமல் வாங்கிக்கொண்டார்கள். ஆனால் மூன்று டின் இருக்கிறதே என்று கல்பனா மூன்றுக்கும் மாவு பிசைந்தாள். இரண்டு உள்ளே வேக, மூன்றாவது வெளியே காத்திருந்தது. மாவு காத்திருக்காதே. அது பொங்கி, மூடியை மெல்லத் தூக்கி, கடைசியில் மூடி போய் எண்ணெய் டின்மேல் விழுந்து, அந்தச் சத்தத்தில் மதியம் கண்ணயர்ந்திருந்த தாங்கள் கேஸ் சிலிண்டர் என்று நினைத்து, துண்டோடு தெருமுனை வரை போனதாகக் கேள்விப்பட்டு மிகவும் வருந்தினேன். ஆனால் சம்பந்தி, பொங்குகிற காற்றுக்கு வெளியேற ஒரு இடுக்குகூட இல்லாமல் மூடி அவ்வளவு கச்சிதமாகப் பொருந்தியிருந்தது என்பதற்கும் அதுவே சாட்சி. இப்போது மூன்றாவது டின்னில் சம்பந்தியம்மா காய்ந்த மிளகாய் வைத்திருக்கிறார்களாம். சந்தோஷம். உபயோகமாக இருந்தால் சரி.

பிறகு கடையில் ரொட்டி வைத்தீர்கள். முதல் நாள் ரொட்டியின் போட்டோவைக் கல்பனா அனுப்பினாள். சம்பந்தி, நான் பெருமைக்காகச் சொல்லவில்லை, அப்படி ஒரு சதுரத்தை நான் ரொட்டியில் பார்த்ததில்லை. கம்ப்யூட்டரில் வரைந்ததுபோல் எட்டு மூலை. தங்கள் ஆம்லெட் அதன்மேல் போய் உட்கார்ந்த போட்டோவைக் குணசுந்தரி தன் தங்கை வரைக்கும் அனுப்பிவிட்டாள். அந்தச் சதுரம்தான் வினையாகவும் போயிற்று. மற்ற ரொட்டி என்றால் மேல் பக்கம் உப்பி இருக்கும், எது தலை எது அடி என்று பார்த்ததும் தெரியும். இதில் நாலு பக்கமும் ஒரே மாதிரி. லோகு மாஸ்டர் கண்ணாடி அலமாரியில் செங்கல் அடுக்குகிற மாதிரி அடுக்கினார்; அடிப்பக்கம் தெருவைப் பார்க்க நின்றுவிட்டது. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஷிப்டு விட்டு வருகிற அத்தனை பேரும் தங்கள் கடை அலமாரியில் வரிசையாக, குப்புராஜ் – குணசுந்தரி, மணவாள நகர், என்று படித்திருக்கிறார்கள்.

அதற்கப்புறம் நடந்ததைத் தாங்களே போனில் சொன்னீர்கள். "இன்னா சம்பந்தி, இருவத்தி ரெண்டு வருசமா கட வெச்சிக்கினு இருக்கேன். ஒருத்தன் வந்து, கடய கைமாத்திட்டீங்களான்னு கேக்கறான். இன்னொருத்தன் என்ன பாத்து, குப்புராஜண்ணே ஒரு பிரெட் ஆம்லெட்டுங்கறான். எங்கடைல உங்க பேரு இன்னாத்துக்கு? வேணாம் சம்பந்தி, இந்த பிரெட்டே வேணாம். பேஜாரா கீது" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டீர்கள். தாங்கள் கோபப்பட்டு நான் கேட்டது அதுவே முதல் தடவை. கல்யாணத்தில் சாம்பார் பற்றாமல் போனபோதுகூடச் சிரித்துக்கொண்டு ரசத்துக்குப் போனவர் தாங்கள். அதனால் அன்றைக்கு நானும் போனை வைத்துவிட்டேன். இப்போது பேசுகிறேன்.

தங்கள் கடை வாசலில் ஒரு எவர்சில்வர் தண்ணீர் டிரம் இருக்கிறது. ரொட்டிக்கு அளவெடுக்க வந்த அன்று அதில் தண்ணீர் குடித்தேன். குழாய்க்கு மேலே கொட்டை எழுத்தில் என்ன வெட்டியிருக்கிறது? ஆரம்பாக்கம் முத்தம்மாள் உபயம் என்று வெட்டியிருக்கிறது. அவர் தங்கள் மாமியார். இருபது வருடமாக சிப்காட் முழுக்க அந்த டிரம்மில் தண்ணீர் குடிக்கிறது. ஒருவராவது தங்களை முத்தம்மா என்று கூப்பிட்டிருப்பார்களா? கடை மாமியாருக்குக் கைமாறிவிட்டது என்று யாராவது சொன்னார்களா? பாத்திரத்தில் கொடுத்தவர் பெயர் இருக்கும், பாத்திரம் வைத்திருப்பவருடையது, இது குழந்தைக்கும் தெரிந்த நடைமுறை. என் பெயர் பாத்திரத்தோடு நிற்காமல் ரொட்டிக்கும் வந்துவிட்டது, அவ்வளவுதான் வித்தியாசம். அதுவும் துண்டு போட்டால் ஒரு துண்டுக்கு ஓர் எழுத்துகூட முழுதாக வராது. சாப்பிடுகிறவன் என்ன எழுத்து என்று பார்த்தா சாப்பிடுகிறான்?

ஆகவே என் முடிவான கருத்தைச் சொல்கிறேன். டின்னில் எந்தப் பிழையும் இல்லை. அதை மாற்றுவதாகவும் எனக்கு உத்தேசம் இல்லை. எழுத்தை ராவி எடுத்தால் தகடு ஓட்டையாகும். லோகு மாஸ்டர் அடிப்பக்கத்தை உள்ளே பார்க்க வைத்து அடுக்கினால் பிரச்சினை அதோடு தீர்ந்தது. இதை ஐந்து நிமிடத்தில் அவருக்குக் கற்றுக்கொடுக்கலாம். ரொட்டி தினமும் சாயங்காலத்துக்குள் தீர்ந்துவிடுவதாகக் கல்பனா சொல்கிறாள். தீர்ந்துபோகிற சரக்கை, அடியில் நாலு எழுத்து இருக்கிறது என்பதற்காக நிறுத்துவது வியாபாரம் தெரிந்த தங்களுக்கு அழகல்ல. என் பெண் தங்களைக் குறை சொல்லவில்லை. "பரவால்ல நைனா, மாமாக்கு இன்னா கஷ்டமோ" என்றுதான் சொன்னாள். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. தங்களுக்கு என்மேல் கோபம் என்றால் என்னோடு இருக்கட்டும், மிச்சமுள்ள நாட்களை அவளுக்குக் கொடுத்துவிடுங்கள்.

அதிகம் எழுதியிருந்தால் பொறுத்துக்கொள்ளவும். தாங்களும் சம்பந்தியம்மாவும் நோய்நொடி இல்லாமல் நீடூழி இருக்க வேண்டும், கடை மென்மேலும் ஓங்க வேண்டும், பிள்ளைகள் இருவரும் பதினாறும் பெற்றுக் குறைவின்றி வாழ வேண்டும் என்று வீரராகவப் பெருமாளை வேண்டிக்கொண்டு முடிக்கிறேன். குணசுந்தரி தன் விசாரிப்புகளைத் தெரிவிக்கச் சொன்னாள். லோகு மாஸ்டருக்கும் என் அன்பைச் சொல்லவும்.

இப்படிக்கு,
தங்கள் மாறாத அன்புள்ள,
கு. குப்புராஜ்

பின்குறிப்பு: கவருக்குப் பசை தடவப் போகும்போது வாசலில் லோகு மாஸ்டர் வந்து நின்றார். மணவாள நகரில் அவருடைய அக்கா வீட்டில் காதுகுத்தாம். கடைக்கு நிறுத்தினாலும் கைப்பழக்கம் விட்டுப்போகக் கூடாது என்று கல்பனா நேற்று ஒரு ரொட்டி சுட்டாளாம், அதை எங்களுக்குக் கொடுத்தனுப்பியிருந்தாள். இதுவரை அவள் ரொட்டியை நான் போட்டோவில்தான் பார்த்திருக்கிறேன். காய்ச்சல் வந்தால் ஒழிய ரொட்டியைத் தொடாதவன் நான். பெண் அனுப்பியதாயிற்றே என்று ஒரு துண்டு எடுத்து வாயில் வைத்தேன்.

சம்பந்தி, உப்பு. விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. குணசுந்தரியிடம் கொடுத்தேன், "நல்லாத்தான கீது" என்றாள். அவள் சமையலில் உப்பு எப்போதும் ஒரு கை தூக்கலாகத்தான் இருக்கும். கல்பனா அந்தக் கையில் சாப்பிட்டு வளர்ந்தவள். எனக்குப் பிரஷர் என்று போன வருடம் டாக்டர் உப்பைக் குறைத்த பிறகுதான் என் நாக்குக்கே இது தெரிகிறது. மாப்பிள்ளை தினமும் சாப்பிட்டுவிட்டு சூப்பர் என்றாராம். கல்யாணமாகி எட்டு மாதம்தான் ஆகிறது, வேறென்ன சொல்வார்?

லோகு மாஸ்டரை உட்காரவைத்துக் கேட்டேன். முதலில் சொல்ல மாட்டேன் என்றார். பிறகு சொல்லிவிட்டார். "சார், சொல்லக் கூடாதுன்னு ஓனரு சத்தியம் வாங்கிக்கினாரு. மொத நாளே கஷ்டமருங்க ஒரு கடி கடிச்சிட்டு அப்புடியே தட்டுல வெச்சிட்டுப் போயிட்டாங்க. மருமவ மனசு ஒடஞ்சிடும்னு மீந்தது அத்தினியும் டீயில நனைச்சு நனைச்சு இவுரே துன்னாரு. நாலு நாளும் நாஷ்டாவும் அதான், சோத்துக்குப் பதிலும் அதான். அந்தப் பொண்ணு கேட்டா, வித்துப் பூட்ச்சிம்மான்னு சொல்லச் சொன்னாரு. அஞ்சாம் நாளு பிரஷர் எகிறிக்கினு, தல சுத்தி, கல்லாலயே உக்காந்துட்டாரு. அப்பறந்தான், இன்னா சொல்லி நிறுத்தறதுன்னு யோசிச்சி யோசிச்சி, அலமாரில அந்தப் பேரப் பாத்து உங்களுக்கு போன் போட்டாரு சார்."

என் பெண்ணை எப்படிப்பட்ட வீட்டில் கொடுத்திருக்கிறேன் என்று நினைத்து எனக்குக் கண் கலங்கிவிட்டது. மேலே எழுதியதில் வாழ்த்தைத் தவிர மற்ற எதையும் தாங்கள் படிக்கவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். கிழித்துவிட்டு வேறு எழுதலாம் என்று பார்த்தேன், குணசுந்தரிதான் அப்படியே அனுப்பச் சொன்னாள், நான் எப்படிப்பட்ட ஆள் என்பது தங்களுக்கும் தெரியட்டுமாம்.

தங்களோடு நானும் ஒரு பொய் சொல்லப் போகிறேன். டின் சரியில்லை. நான் செய்த டின்னில்தான் கோளாறு. பட்டறையில் தகட்டின் எண்ணெய் போக ஒரு காரத் தொட்டியில் முக்குவோம், அதைச் சரியாகக் கழுவாமல் விட்டுவிட்டேன், அந்த உப்பு ரொட்டியில் இறங்கியிருக்கிறது என்று இன்று சாயங்காலம் கல்பனாவிடம் போனில் சொல்லிவிடுகிறேன். என் வார்த்தையை அவள் நம்புவாள். ஞாயிற்றுக்கிழமை பெயர் இல்லாமல் இரண்டு புது டின் கொண்டுவருகிறேன். புது டின் பழகும்வரை மாவில் உப்பைப் பாதியாகத்தான் போட வேண்டும், அது தகடு வேலையில் உள்ள விதி என்று சொல்லப் போகிறேன். பழகுவதற்கு எத்தனை வருடம் என்று அவள் கேட்டால், அது தகட்டைப் பொறுத்தது என்பேன். ஞாயிற்றுக்கிழமை நான் வந்ததும் அவள் எதிரில் என்னை நாலு வார்த்தை உரக்கத் திட்டுங்கள், தலை குனிந்து கேட்டுக்கொள்கிறேன். அப்புறம் மிச்சம் இருக்கும் நாட்களை அவளுக்குக் கொடுத்துவிடுங்கள். அதற்கும் மேல் ரொட்டி மீந்தால் தாங்கள் ஒருவரே உட்கார்ந்து தின்று தீர்க்க வேண்டாம். மாத்திரையை விடாமல் போட்டுக்கொண்டு, பாதியை எனக்குக் கொடுத்தனுப்புங்கள்.